கம்பி, விரிசல், வாடைக் காற்று

ஜனவரி 19
ஃபைபர் படகில் இஞ்சின் உட்காரும் பலகைக்குக் கீழே விரிசல் மறுபடியும் தெரிகிறது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. மழை ஈரம் காயாமலே கண்ணாடி நார் மேட் ஒட்டியிருக்கிறார்கள். பிரித்துக் காய விடணும்.

ஜனவரி 20
வெயிலே இல்லை.

ஜனவரி 23
மாமா வந்தார். படகைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேராகத் தூண்டில் கூடைக்குப் போனார். "நைலானை நம்பியா சுறாவுக்குப் போற? ஒரே கடி." முள்ளுக்கு மேலே ஒரு முழம் எஃகுக் கம்பி வேண்டுமாம். உட்கார்ந்து முறுக்கிக் காட்டினார். எங்கேயாவது கம்பி மடிந்துவிட்டால் தூக்கிப் போடு, நிமிர்த்தினாலும் அந்த இடத்தில்தான் அறும் என்றார். காதில் செருகிய பீடி கடைசி முள் முடியும்வரை காதிலேயே இருந்தது.

சிங்காரத்தோப்புப் பசங்களுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. "சுறா எங்கண்ணே இருக்கு?" தப்பில்லை. மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டை போடும் சாதியா அது? வளர்ந்து குட்டி போடவே வருஷக்கணக்காகும். பிடித்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்? இருந்தாலும் சூரை மீன் ஓடினால் பின்னால் ஒன்றிரண்டு வராமலா போகும்?

ஜனவரி 24
வெயில்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டுகிற ரெசின் பசையைக் கலந்தேன். அதை இறுக வைக்கும் ஹார்டனர் கூடினால் டப்பாவே சுடும், அப்புறம் இறுகி மொடமொடவென்று உடையும். குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. இன்று சரியாக வந்த மாதிரிதான் இருக்கிறது.

ஜனவரி 27
அக்கா போன். "நீ பால் சுறா பிடிச்சுட்டு வர்றதுக்குள்ள பிள்ளைக்குப் பல்லே முளைச்சிடும்." பால் ஊறட்டும் என்று அம்மா கடலூர் முதுநகர் மார்க்கெட்டிலேயே வாங்கிப் புட்டு செய்து கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 30
தூக்கம் வரவில்லை. வாள் மூக்கு வேளா மீன் மாட்டினால்? திமிங்கலச் சுறா? இரண்டும் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, பிடிக்கவே கூடாது. 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015-லேயே நின்றுபோனது. மாமா அந்தக் காலத்து விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். எனக்குக் கறி விற்றால் போதும். கவலை அதுவல்ல. நைலான் என்றால் கடித்து அறுத்தாவது தப்பிக்கும். கம்பியைக் கட்டிவிட்டு, வேண்டாதது மாட்டக் கூடாது என்று சாமி கும்பிடுவது என்ன நியாயம்?

கம்பி வெட்டும் கட்டர் ஒன்று வாங்கணும். மாமாவிடம் சொன்னால் திட்டுவார்.

ஜனவரி 31
கட்டர் வாங்கியாச்சு. திட்டினார்.

பிப்ரவரி 3
உப்பனாற்றில் இறக்கிப் பார்த்தோம். இஞ்சின் நல்ல சத்தம். கரை ஏற்றியதும் ஒட்டின இடத்தில் உள்பக்கம் துணி வைத்துத் துடைத்தேன். லேசாக ஈரம். அலை தெறித்ததா, கசிவா? மாமா "தெறிச்சதுதான்" என்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்.

பிப்ரவரி 4
வாடை. முகத்துவாரத்தில் அலை மடங்குகிறது. ஒருத்தரும் போகவில்லை.

பிப்ரவரி 5
வாடை.

பிப்ரவரி 6
ஐஸ் பெட்டி போதாது என்று ஒரே சண்டை. சுறா ரத்தத்திலேயே யூரியா இருக்கிறது. பிடித்ததும் ரத்தத்தை வடித்து ஐஸில் போடாவிட்டால் கரை சேருமுன் அமோனியா நாற்றம் அடித்துவிடும், எவனும் ஏலம் கேட்க மாட்டான். பெரியதாக மாட்டினால் எங்கே வைப்பது? "முதல்ல மாட்டட்டும்" என்றார் மாமா. சரி.

துணி இன்றும் ஈரம். படகு கரையில்தான் நிற்கிறது. பனியாக இருக்கும்.

பிப்ரவரி 8
காற்று விழுந்துவிட்டது. இரைக்குக் கானாங்கெளுத்தி அரைக் கூடை வந்தாச்சு. டீசல், ஐஸ், கட்டர் ஏற்றியாச்சு. மணி இரண்டே முக்கால். மாமா போனை எடுக்கவில்லை, போய் எழுப்பணும்.