சான்றிதழில் ‘சி’, சுவருக்குள் வெற்றிடம்

அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட், அதாவது குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரசு உதவித்தொகை, வருகிறது. பிரிட்டனில் வீடுகளின் வெப்ப இழப்பைக் குறைக்க உதவும் எக்கோ 4 திட்டத்தில் இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு) உதவி கேட்க வருமானத் தகுதிக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்தக் கடிதத்தை அனுப்பியதோடு அந்தப் பகுதி முடிந்தது. முட்டுக்கட்டை போட்டது வீட்டின் இபிசி சான்றிதழ். வீட்டின் ஆற்றல் திறனை ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசமானது) வரை தரம் பிரிப்பது அது.

சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டின் தரம் டி முதல் ஜி வரை இருக்க வேண்டியிருந்தது. எங்கள் பழைய சான்றிதழில் ‘சி’. வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனத்தில் பேசியவர் பதிவேட்டைப் பார்த்தார், “உங்கள் வீட்டுக்குத் தகுதி இல்லை” என்றார், தொலைபேசியை வைத்துவிட்டார். ஹீட்டர் ஓடும்போதே அம்மா ஸ்வெட்டருக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்காரும் வீடு அது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சான்றிதழை அரசு இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வரி வரியாகப் படியுங்கள். சுவருக்கான வரியில் இன்சுலேஷன் இருப்பதாகவும், பக்கத்திலேயே அது அனுமானம் என்றும் போட்டிருந்தது. வீடு கட்டப்பட்ட காலத்தை வைத்து எழுதியது. சுவரை யாரும் சோதிக்கவே இல்லை! இதைச் சுட்டிக்காட்டி உள்ளாட்சி கவுன்சிலுக்கு எழுதினேன். அவர்கள் என் கோரிக்கையை வேறொரு நிறுவனத்திடம் அனுப்பினார்கள். வந்தவர் செங்கற்களுக்கு இடையே உள்ள பூச்சில் சிறு துளையிட்டு, மெல்லிய கேமராவை உள்ளே செலுத்தினார். சின்னத் திரையில் இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர், நடுவில் சிலந்தி வலை மட்டும். புதிய மதிப்பீட்டில் வீடு ‘டி’ ஆனது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தை இன்சுலேஷனால் நிரப்பும் வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆனால் குளியலறையில் ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி பழுதாகிக் கிடக்க, அதைத் தொடாமலேயே கிளம்பப் பார்த்தார்கள். விடாதீர்கள். வீட்டை அடைத்துவிட்டு ஈரம் வெளியேற வழி செய்யாவிட்டால் மூலைகளில் பூஞ்சணம் படரும். இத்தகைய வீட்டுச் சீரமைப்பு வேலைகளுக்கான பிஏஎஸ் 2035 தரவிதிப்படி காற்றோட்டத்தையும் அவர்கள்தான் கவனிக்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் ஒருங்கிணைப்பாளரின் பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் உடனே அழைத்தேன். புதிய விசிறி வந்த பிறகே நிறைவுப் படிவத்தில் அம்மா கையெழுத்திட்டார்.

இதை மிகையான எச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். இத்தகைய திட்டங்களில் சுவரின் வெளிப்பக்கத்தில் இன்சுலேஷன் பொருத்திய வீடுகளில் 98 விழுக்காட்டில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் பிரிட்டனின் அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது.

வேலை பதிவானதற்கான டிரஸ்ட்மார்க் (தர உறுதி அமைப்பு) சான்று வந்துவிட்டது. உத்தரவாதப் பத்திரம்தான் இன்னும் வரவில்லை. அதற்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.