லெட்டர்ஹெட் கேட்டு வருபவர்கள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்க்கச் சேர்ந்தவள், இப்போது சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும் நாற்காலிக்கு வந்திருக்கிறேன். யார் வெளிநாடு கிளம்பப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுடைய சூப்பர்வைசருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவோ கனடாவோ, பி.ஆர். (நிரந்தரமாக அங்கே வசிக்கும் உரிமை) விண்ணப்பத்துக்கு கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வேண்டும். அதற்கு என் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் சர்வீஸ் சர்டிபிகேட் நாலு வரி. இன்னார், இந்தத் தேதி முதல், இந்தப் பதவியில், நன்னடத்தை உடையவர். இது பேங்க் லோனுக்குப் போதும், பி.ஆருக்குப் போதாது. என்னென்ன வேலை செய்தார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, கையெழுத்துப் போடுபவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது, எல்லாம் எழுதித் தர வேண்டும். இதை வாங்க வருபவர்கள் போகும்போது கதவருகே நின்று இன்னொன்றும் கேட்பார்கள்: "மேடம், ஏஜென்ட் வெச்சுக்கலாமா, நாமளே போட்டுடலாமா?"

இந்தக் கேள்வி நம் ஊரில் கொஞ்சம் கோணலாகத்தான் பிறக்கிறது என்று எனக்குத் தோன்றும். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் ஏஜென்ட் என்றால் வளைகுடா ஏஜென்ட். அவர் வேலையைக் கொண்டு வருவார், விசாவைக் கொண்டு வருவார், நாம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, ஜி.எஸ்.டி. தனி. (நடப்பது வேறு என்பது ஊருக்கே தெரியும்.) பி.ஆர். ஏஜென்ட் அந்த ஜாதியே இல்லை. அவர் வேலையும் கொண்டு வர மாட்டார், விசாவும் கொண்டு வர மாட்டார். நம் காகிதங்களை வாங்கி, அடுக்கி, அரசாங்கத்தின் இணையதளத்தில் ஏற்றுவார். அவர் மூலம் போனால் சீக்கிரம் கிடைக்கும் என்பதும் இல்லை. கனடா அரசு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் வளைகுடா பழக்கத்திலேயே ஃபைலை நீட்டிவிட்டு, "எல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்று வந்துவிடுகிறார்கள்.

தரம் சோதிக்கும் க்யூ.சி. லேபிலிருந்து ஒரு பையன் வந்தான். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி, நல்ல வேலைக்காரன். கையில் புதுச்சேரி ஏஜென்சி ஒன்று அடித்துக் கொடுத்த கடிதம். "மேடம், இதை அப்படியே லெட்டர்ஹெட்ல பிரின்ட் எடுத்துக் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும்னாங்க."

வாங்கிப் படித்தேன். புள்ளி புள்ளியாக வேலைகள். மூன்றாவது, புதிய வேதிப்பொருட்களை உருவாக்கும் ஆராய்ச்சித் திட்டங்களை வகுத்து நடத்துதல்.

"தம்பி, நம்ம லேப்ல எந்தப் புதுப் பொருளைப்பா உருவாக்கின?"

சிரித்தான். "அது பொதுவா எல்லாருக்கும் போடுறது மேடம்."

அதுதான் சிக்கல். ஆஸ்திரேலிய அரசு ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன வேலைகள் அடங்கும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, பெயர் ஆன்ஸ்கோ. அதிலிருந்து வரிகளை எடுத்துப் பூசி மெழுகிய கடிதம் அது. படிப்பும் அனுபவமும் அந்தத் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று திறன் மதிப்பீடு செய்பவர்கள் இதே வரிகளைத் தினமும் பார்ப்பவர்கள். நான் அவனை உட்கார வைத்து, போன வாரம் நைட் ஷிப்டில் என்ன செய்தாய் என்று கேட்டேன். ரியாக்டரிலிருந்து சாம்பிள் வரும், முதலில் ஈரப்பதம், கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன். பிறகு ஜி.சி.யில் (கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி) போட்டு தூய்மை பார்க்க வேண்டும். ஒரு பேட்ச்சில் தெரியாத ஒரு பீக் வந்தது, பிளான்ட்காரர்கள் ரிலீஸ் கொடு என்று நெருக்கினார்கள், இவன் மறுத்துவிட்டு சால்வென்ட் டிரம் வரை தேடிப் போய்க் கண்டுபிடித்தான். பேசப் பேச அவன் குரலே மாறிவிட்டது. அதையே எழுதச் சொன்னேன். லேப் மேனேஜர் திருத்தினார். ஏஜென்சி கொடுத்த கடிதத்தைவிடச் சின்னது, ஆனால் அவனை எங்கே நிறுத்திக் கேட்டாலும் அவனால் பதில் சொல்லக்கூடிய கடிதம்.

கேட்பார்கள் என்பது வெறும் பேச்சு இல்லை. சில நேரம் மின்னஞ்சல் வரும், சில நேரம் போன். இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா, என்ன வேலை, இந்தக் கையெழுத்து யாருடையது. அப்போது ஏஜென்ட் பதில் சொல்லப்போவதில்லை, நான்தான் சொல்ல வேண்டும். பொய்யான தகவல் என்று தெரிந்தால் ஆஸ்திரேலியாவில் பொதுவாக மூன்று ஆண்டுத் தடை, கனடாவில் ஐந்து. ஏஜென்ட் எழுதியது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நம்ப வேண்டாம். தடை விழுவது விண்ணப்பதாரர் தலையில்.

இப்படிச் சொல்வதால் நான் ஏஜென்ட்டே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பையன் விஷயத்தில் ஒரு முடிச்சு இருந்தது. எங்கள் ஆலையில் லேபில் நிற்கும் எல்லாருக்கும் பதவிப் பெயர் 'கெமிஸ்ட்'. ஆஸ்திரேலியப் பட்டியலில் கெமிஸ்ட் ஒரு தொழில், கெமிஸ்ட்ரி டெக்னீஷியன் வேறொரு தொழில், ஒரு படி கீழே. இரண்டையும் மதிப்பிடுவது வெட்டாசெஸ் என்ற ஒரே நிறுவனம்தான். ஆனால் தவறான பெயரில் போட்டால் மதிப்பீடு பாதகமாக வரும், கட்டணமும் மாதங்களும் போகும். இவன் செய்யும் வேலை எந்தப் பக்கம் சாய்கிறது? எனக்குச் சொல்லத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இந்த இடத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் கட்டணம் கட்டி வீடியோ காலில் ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்டான். மீதியைத் தானே செய்தான். முழு ஃபைலையும் கொடுப்பது, முழுக்கத் தானே செய்வது என்ற இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. அதில் ஏஜென்சிக்குப் பெரிய லாபம் இல்லை.

முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டவர்கள், குழந்தைக்கு நீண்டகால உடல்நலப் பிரச்சினை உள்ளவர்கள், வழக்கு ஏதாவது இருப்பவர்கள், இவர்கள் நல்ல ஏஜென்ட்டிடமோ வக்கீலிடமோ முழுசாகவே போகலாம். எங்கள் பக்கம் இன்னொரு கூட்டமும் உண்டு. ஆலைக்குள் வருஷக்கணக்கில் வேலை செய்திருப்பார், ஆனால் கான்ட்ராக்டர் ரோலில். சம்பளம் கான்ட்ராக்டர் போட்டது, பி.எஃப். கான்ட்ராக்டர் கட்டியது. அவருக்கு நான் எங்கள் லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுக்க முடியாது, கான்ட்ராக்டரிடம் லெட்டர்ஹெட்டே இருக்காது. இவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்காது. கிடைக்கும் சான்றுகளை எப்படி அடுக்கிக் காட்டுவது என்று தெரிந்தவர் உதவி இவர்களுக்கு வேண்டும். 'ரெடிமேட்' கடிதம் செய்து தருகிறேன் என்று வருபவர்களிடம் முதலில் மாட்டுவதும் இவர்கள்தான்.

மற்றபடி, பட்டம் ஒன்று, கம்பெனி ஒன்று, மாதச் சம்பளம் பேங்கில், ஆங்கிலத் தேர்வு மார்க் கையில், இப்படி நேரான ஃபைல் உள்ளவர் தானே போட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவுக்கு முதல் படியான விருப்ப மனு (இ.ஓ.ஐ.) பதிவு செய்யக் கட்டணமே இல்லை. குறைந்தது 65 புள்ளி வேண்டும். வயதுக்கு எவ்வளவு, அனுபவத்துக்கு எவ்வளவு என்று அரசு தளத்திலேயே அட்டவணை இருக்கிறது. 65 இருந்தால் அழைப்பு வந்துவிடும் என்று செமினாரில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், அது நுழைவு மதிப்பெண்தான். பொறியாளர்களுக்குத் திறன் மதிப்பீட்டில் வேலை கூடுதல். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் சேர்ந்தாலும், எல்லா பி.இ. படிப்புக்கும் அந்தச் சலுகை இல்லை. பெரும்பாலோர் தாங்கள் செய்த பணிகளைப் பற்றி மூன்று கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அதையும் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். நம் பிளான்ட்டில் நாம் பட்ட பாட்டை நாம்தானே எழுத வேண்டும்?

ஏஜென்ட் வைப்பது என்று முடிவு செய்தவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். அவருடைய பதிவு எண் என்ன? ஆஸ்திரேலியாவுக்கு ஏழு இலக்க மார்ன் எண், கனடாவுக்கு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் உரிம எண். இரண்டையும் அந்தந்த ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். நம் ஊர் ஆபீசில் உட்கார்ந்து பேசும் 'கவுன்சலர்' அந்த எண்ணுக்குரியவராகப் பெரும்பாலும் இருக்க மாட்டார். அப்படியானால் எண்ணுக்குரியவர் எங்கே, விண்ணப்பத்தில் பிரதிநிதியாக அவர் பெயர் போகுமா என்று கேட்க வேண்டும். அந்தப் பெயர் போகாது என்றால், அரசாங்கத்தின் கண்ணில் நீங்கள் ஏஜென்ட்டே வைக்கவில்லை. நூறு சதவீதம் கேரன்டி என்றால் எழுந்து வந்துவிடலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் அப்படி வாக்குக் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது, விண்ணப்பத்துக்கான இணையதளக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவில் ஒருவருக்கு எல்லாமே ஏஜென்சி மெயிலில்தான் போனது. கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் அங்கேயே கிடந்திருக்கிறது. அவர் என்னிடம் வந்து பழைய பே ஸ்லிப் கேட்டபோது கெடுவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. விண்ணப்பத்தின் நகலை அதுவரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பெயரில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்!

ஏஜென்ட்டோ தானோ, யார் போட்டாலும் காகிதம் இங்கிருந்துதான் போக வேண்டும். ஊதியச் சீட்டில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாகப் போயிருக்கும், மார்க் ஷீட்டில் வேறு எழுத்துக்கூட்டல். இதற்கெல்லாம் அஃபிடவிட் வாங்கி வைக்க மஞ்சக்குப்பத்தில் நோட்டரிக்குப் பஞ்சமில்லை. ஃபார்ம் 16-ஐ வருஷா வருஷம் டவுன்லோட் செய்து வையுங்கள், பி.எஃப். பாஸ்புக்கையும்தான். கம்பெனி மாறுகிறவர்கள் ரிலீவிங் ஆர்டரோடு இந்த விரிவான கடிதத்தையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிப்காட்டில் ஆலைகள் கை மாறுகின்றன, சில மூடியும் போய்விட்டன. மூடிய ஆலையில் கையெழுத்துப் போட்ட மேனேஜரைத் தேடி ராணிப்பேட்டை வரை போய் வந்தவர் ஒருவர், இந்த மாதம் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சேர்ந்ததும் முதல் கேள்வியாகக் கடிதத்தின் மாதிரியைத்தான் கேட்டார். கொடுத்திருக்கிறேன்.