நல்ல நேரம், மாலை 6:04

21 ஆகஸ்ட் 2023, திங்கள்

பால் பொங்குவதற்குள் பேப்பரை ஒரு சுற்று மேய்ந்தாயிற்று. ரஷ்யாவின் லூனா 25 சனிக்கிழமையே நிலவில் மோதி நொறுங்கிவிட்டது. 1976-இல் லூனா 24 போய் வந்ததற்கு அப்புறம் அவர்கள் நிலவுப் பக்கம் போனது இப்போதுதான். நம் சந்திரயான் 3 நாளை மறுநாள் இறங்க வேண்டும்.

டீக்கடையில் ஒருவர், "நம்மளை முந்தப் பார்த்தானுங்க, சாமி விட்டுடுமா?" என்றார். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019 செப்டம்பரில் அந்த விடியற்காலை, நிலவில் இறங்கப் போன சந்திரயான் 2-இன் கலம் விக்ரமின் தொடர்பு அறுந்தபோது நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ரஷ்யாவில் ஒரு டீக்கடையில் நம்மைப் பார்த்து இப்படிச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

மற்றபடி உள்ளூர் அரசியல். நேற்று ஒரே நாளில் தி.மு.க.வின் நீட் எதிர்ப்பு உண்ணாவிரதம், மதுரையில் அ.தி.மு.க. மாநாடு. ஒரு பக்கம் பட்டினி, இன்னொரு பக்கம் அண்டா அண்டாவாகப் புளியோதரை.

23 ஆகஸ்ட், புதன்

வீட்டுக்காரி நாள்காட்டித் தாளைக் கிழித்தவள் அப்படியே நின்று படித்தாள். "எமகண்டம் ஏழரை ஒம்பது, ராகு காலம் பன்னெண்டு ஒன்றரை. சாயங்காலம் ஆறு மணி சுத்தமா இருக்குதுங்க."

நான் வாத்தியார் புத்தியை விடாமல் ஆரம்பித்தேன். இறங்கப்போகும் இடத்தில் இப்போதுதான் விடிகிறது. அங்கே ஒரு பகல் என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். இறங்குகிற விக்ரமும், அதிலிருந்து வெளியே வந்து நடக்கும் குட்டி வண்டி பிரக்யானும் வெயிலை நம்பி ஓடுகிறவை. விடிந்த கையோடு இறங்கினால்தான் முழுப் பகலும் வேலை பார்க்கலாம். அதனால்தான் இந்தத் தேதி.

"அப்ப அவங்களும் நேரம் பார்த்துத்தானே இறக்கறாங்க?"

இவ்வளவு வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்குப் பதில் வராமல் இல்லை. அவர்கள் பார்க்கும் நேரத்தில் ஏதாவது சரியில்லை என்றால் 27-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். போன தடவை 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறித்த இடத்தை இந்தத் தடவை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கியிருக்கிறார்கள். விக்ரமின் கால்களையும் பலப்படுத்தியிருக்கிறார்கள். எதெது கெட்டுப்போகும் என்று யோசித்து யோசித்துக் கட்டிய வண்டி. ஆனால் தோசை ஆறிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கும் இதில் பங்கு உண்டு. அங்கேயும் குன்னமலையிலும் கிடைக்கிற அனார்த்தோசைட் பாறை நிலவு மேட்டுப் பாறையின் சாயல். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல்காரர்கள் தேடிச் சொன்னது. அதை அரைத்துப் பொடியாக்கித்தான் பெங்களூரில் நிலவு மண் மாதிரி பரப்பி, சந்திரயான் 2 காலத்தில் சோதித்தார்கள். இங்கே அந்தக் கல் மேல் ஆடு ஏறி நிற்கும்.

24 ஆகஸ்ட், வியாழன்

இறங்கிவிட்டது. நேற்று மாலை 6:04.

30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகம். பத்தொன்பது நிமிஷத்தில் அதைப் பூஜ்யமாக்க வேண்டும். 150 மீட்டரில் கொஞ்சம் தயங்கி இடம் பார்த்தது. அவள் விளக்கேற்றிவிட்டு வந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. ஆனால் முடிந்த பிறகு பார்த்தால் நாற்காலிக் கைப்பிடியின் பிளாஸ்டிக் பட்டை என் கையோடு வந்திருந்தது.

திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியர் மகன். முதலில் டிப்ளமா, அப்புறம்தான் பொறியியல். டிப்ளமா சேர்ந்த பையனை "அவ்வளவுதான் இவன்" என்று நானே ஒருமுறை ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன்.

மாடிக்குப் போய்ப் பார்த்தோம். அரை நிலா. ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

25 ஆகஸ்ட், வெள்ளி

பக்கத்து வீட்டில் வரலட்சுமி நோன்பு. கலசத்துக்கு முகம் வைத்தாயிற்று, கொழுக்கட்டை வாசம் சுவர் தாண்டி வருகிறது. திருக்குவளையில் முதல்வர் காலை உணவுத் திட்டத்தை 31,008 பள்ளிகளுக்கு விரிவுபடுத்துகிறார். போன செப்டம்பரில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள்.

அரசியல்வாதி செய்வதில் குறை தேடியே பழகிய மூக்கு என்னுடையது. இதில் எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. நான் முதலில் வேலை பார்த்த ஊரில் ஒரு ஆறாம் வகுப்புப் பெண், காலை வணக்கம் முடிந்ததும் நேராகக் குழாயடிக்குப் போவாள். தாகம் என்று நினைத்திருந்தேன். பல மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் பசிக்காதா?

27 ஆகஸ்ட், ஞாயிறு

விக்ரம் இறங்கிய இடத்துக்குப் பெயர் சிவசக்தி. நேற்று பெங்களூரில் பிரதமர் அறிவித்தார். காலையிலிருந்தே வாட்ஸ்அப்பில் இதே சண்டை.

ஜூலையில் ஏவுவதற்கு முன்னால் இஸ்ரோக்காரர்கள் சந்திரயான் மாதிரியைத் திருமலைக்கு எடுத்துப் போய்க் கும்பிட்டார்கள். அப்போதும் சண்டை. அது எனக்கு உறுத்தவில்லை. இது லாரிக்காரர்களின் ஊர். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் புது வண்டி இங்கே கிளம்பாது. அதே டிரைவர் இறங்கி டயரைத் தட்டி, பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். எலுமிச்சம்பழம் இருக்கிறதே என்று யாரும் பிரேக்கைக் கழற்றிப் போட்டதில்லை.

பெயர் வைப்பது வேறு. கும்பிடுகிறவன் கேட்கிறான். பெயர் வைக்கிறவன் பட்டா போடுகிறான். 2008-இல் சந்திரயான் 1-இன் மோதுகலம் நேரு பிறந்த நாளில் விழுந்தது, அந்த இடத்துக்கு ஜவஹர் என்று பெயர். அதுவும் பட்டாதான். எல்லோருக்கும் கட்டாந்தரைதான் வேண்டியிருக்கிறது.

இதை அவளிடம் சொன்னேன். "நம்ம ஆஞ்சநேயருக்குக் கூரையே இல்லை. அவரு என்ன பட்டாவா கேட்டாரு?" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

3 செப்டம்பர், ஞாயிறு

நேற்று காலை 11:50-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 கிளம்பியது. போக வேண்டிய தூரம் 15 லட்சம் கிலோமீட்டர். திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகர் ஷாஜி. நேற்றே சென்னையில் சனாதன ஒழிப்பு மாநாடு, அதில் உதயநிதி சனாதனத்தை டெங்கு, மலேரியா மாதிரி ஒழிக்க வேண்டும் என்று பேசியது. டீக்கடையில் இன்று ஆதித்யாவுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்தக் கட்சி என்பார்கள்.

பிரக்யானை நேற்று உறங்க வைத்துவிட்டார்கள். நூறு மீட்டருக்கு மேல் நடந்திருக்கிறது. இனி அங்கே இரண்டு வார இரவு, மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போகும் குளிர். பேட்டரி நிறைய சார்ஜ் ஏற்றி, சூரியத் தகட்டை அடுத்த விடியலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

"எப்ப விடியும்?"

"22-ஆம் தேதி."

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் 22-ஆம் தேதிக் கட்டத்தைத் தேடிப் பிடித்தாள். புரட்டாசி 5. பென்சிலால் வட்டம் போட்டாள்.

"வெள்ளிக்கிழமைங்க. எத்தனை மணிக்குன்னு போட்டிருக்குதா?"

போடவில்லை என்றேன்.