தழும்பே இல்லாத வயிற்றில் குடல் அடைப்பு

பெரியவர்களுக்குக் குடல் அடைப்பு என்றால், முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். பழைய அறுவையால் உள்ளே உண்டாகும் ஒட்டுத் திசுக்களே பெரும்பாலும் குடலை இழுத்து மடக்கிவிடுகின்றன. கத்தியே படாத சிறு குழந்தையின் வயிற்றில் அடைப்பு வந்தால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பெரம்பூரில் இருக்கும் என் தங்கை மகனுக்கு இரண்டு வயதில் அப்படித்தான் தேட வேண்டியிருந்தது.

மாலையிலிருந்து வாந்தி. ஏதோ சிக்கியிருக்கும், தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்றார் பெரியம்மா. குடல் தட்டுபவர் ஒருவரின் முகவரியும் வந்து சேர்ந்தது. முதலில் திரிந்த பாலாக வந்த வாந்தி, இரவுக்குள் அரைத்த கீரை போலப் பச்சையாகிவிட்டது. அந்தப் பச்சை பித்தநீர். பித்தநீர் சிறுகுடலில் வந்து சேரும் இடத்துக்குக் கீழே வழி அடைபட்டிருக்கலாம் என்பதால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை அவசர நிலையாகவே கருத வேண்டும் என்றார் மருத்துவர். தொக்கம் எடுப்பவர்களை இகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் முறுக்கிக்கொண்ட குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கும் என்னும்போது, எண்ணெய் தடவி நீவுவதில் ஓர் இரவைக் கழிப்பது ஆபத்தானது.

இந்த வயதில் மருத்துவர்கள் முதலில் ஐயுறுவது குடல் செருகலை, அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதை. குழந்தை காலை மடக்கிக்கொண்டு, விட்டு விட்டு அழும். பிறகு மலத்தில் ரத்தமும் சளியும் வரலாம். ஸ்கேனில் அது இல்லை. எக்ஸ்ரேயில் உப்பிய குடல் மட்டுமே தெரிந்தது.

வயிற்றைத் திறந்த பிறகே காரணம் புலப்பட்டது. கருவில் குடலையும் கருவுணவுப் பையையும் இணைக்கும் குழாய் ஏறத்தாழ ஏழாவது வாரத்தில் மறைந்துவிட வேண்டும். சுமார் 2 சதவீதம் பேருக்கு அதன் மிச்சம் சிறுகுடலின் கடைப்பகுதியில் ஒரு சிறு பையாகத் தங்கிவிடுகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் மெக்கல் 1809இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அதனை அழைக்கிறார்கள். அது இருப்பதை அறியாமலேயே பெரும்பாலோர் வாழ்ந்து முடித்துவிடுகின்றனர். சிலருக்கோ அந்தப் பையிலிருந்து தொப்புள் வரை ஒரு நார்க்கயிறும் எஞ்சியிருக்கும். அறுவை மருத்துவர் ஸ்கேன் உறையின் பின்புறத்தில் தொப்புளை ஒரு புள்ளியாக வைத்து, அங்கிருந்து ஒரு கோடு இழுத்து, அதைச் சுற்றிக் குடல் முறுக்கிக்கொண்ட விதத்தை வரைந்து காட்டினார். இத்தகைய கயிறு ஸ்கேனில் பெரும்பாலும் அகப்படாது என்றும் கூறினார். கயிற்றையும் பையையும் அகற்றிவிட்டார்கள்.

கருவில் குடல் சரியாகத் திரும்பாமல் போவதும் இதே பச்சை வாந்தியைத் தரும். அது பெரும்பாலும் முதல் வயதுக்குள் தெரிந்துவிடும் என்றாலும், பிறகும் வரலாம். செருகலே ஆனாலும், மூன்று வயதைக் கடந்த குழந்தைக்கு வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, அதற்குப் பின்னால் மெக்கல் பையோ, கட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வெளியிலிருந்து உள்ளே போகும் காரணங்களும் உண்டு. பூச்சாடிக்கென்று விற்கப்படும் வண்ண ஜெல் மணிகள் குடலுக்குள் நீரை உறிஞ்சிப் பருத்து வழியை அடைத்துவிடும்; சாதாரண எக்ஸ்ரேயில் அவை தெரிவதில்லை. விளையாட்டுப் பொருளிலிருந்து கழன்ற காந்தங்கள் இரண்டை விழுங்கினால், அவை வெவ்வேறு குடல் மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட குடற்சுவரைத் துளைத்துவிடக்கூடும். ஆகவே வீட்டில் இவற்றில் எது இருந்தாலும், கேட்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.