ஒரு ராத்திரி முழுக்க கூத்து, காவேரிப்பட்டினம் பக்கம்

ரெண்டு வருஷம் முன்னாடி ஜாவா போயிருந்தப்ப யோக்யகர்த்தால டிக்கெட் எடுத்து வயாங் குளித் பாத்தேன், தோல் பொம்மைய விளக்குக்கு முன்னாடி ஆட்டி ஒரே ஆளு எல்லாருக்கும் குரல் குடுப்பாரு, அவர டாலாங்னு சொல்றாங்க. 2003-லயே யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்குன கலை. ஊர்ல விடிய விடிய நடக்குமாம், எங்களுக்கு காட்டுனது ரெண்டு மணி நேரம். அங்கயும் அர்ஜுனன், பீமன் எல்லாம் உண்டுன்னு கைடு சொன்னப்ப எனக்கு கொஞ்சம் வெக்கமாதான் இருந்துச்சு, ஏன்னா கிருஷ்ணகிரில பொறந்துட்டு நான் ஒரு பாரதக் கூத்து கூட முழுசா பாத்ததில்ல.

அதான் இந்த வருஷம் காவேரிப்பட்டினம் தாண்டி ஒரு கிராமத்துக்கு கிளம்பிட்டேன். திரௌபதி அம்மன் கோயில்ல 18 நாள் பாரதம், பகல்ல பிரசங்கம், ராத்திரில கூத்து. நான் போனது கடைசி ராத்திரி, பதினெட்டாம் போர், அதாவது பாரதப் போரோட கடைசி நாள் கதை.

பத்து மணிக்கு கொட்டகைக்கு பின்னாடி எட்டிப் பாத்தா துரியோதனன் வேஷக்காரர் கண்ணாடிய கைல வெச்சிக்கிட்டு அவரே அரிதாரம் பூசிட்டு இருக்காரு. கிரீடம், தோள்ல கட்டுற புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் மரம், மேல கண்ணாடித் துண்டும் கலர் பேப்பரும். கல்யாண முருங்கை மரம்ங்க, லேசா இருக்கும்னாங்க, சரின்னு ஒரு புஜகீர்த்திய தூக்கிப் பாத்தேன், அப்படி ஒண்ணும் லேசா இல்ல, இதையெல்லாம் கட்டிக்கிட்டு இவர் விடியற வரைக்கும் கிர்ருனு சுத்தணும்.

ரெண்டு பேரு திரை பிடிக்க, உள்ள இருந்தே பாடிட்டு வர்றாரு, கால் சலங்கை மட்டும் தெரியுது. முகவீணைன்னு ஊதுற குழல், சின்னதுதான், ஆனா சத்தம் காத கிழிக்குது. கூத்துல கோமாளி மாதிரி வர்ற கட்டியங்காரன் நடுவுல நம்ம பஸ் லேட்டா வர்றதையெல்லாம் இழுத்து கிண்டல் பண்றான், எல்லாரும் சிரிக்கறாங்க. ஒரு மணிக்கு எனக்கு கண்ணு சொக்கி எந்திரிச்சேன். பக்கத்துல இருந்த பாட்டி, "எங்க கண்ணு போற, இனிமேதான் ஆட்டமே"ன்னு கைய புடிச்சு உக்கார வெச்சிட்டாங்க.

நல்லவேள. விடிஞ்சதும் மொத்த ஊரும் படுகளத்துக்கு வந்துடுச்சு. அங்க மண்ணாலயே செஞ்சு மல்லாக்க படுக்க வெச்ச துரியோதனன் உருவம், ஒரு வீட்டு நீளம் இருக்கும். ராத்திரி ஆடுன அதே வேஷக்காரர் அந்த மண் உடம்பு மேலயே ஏறி ஓடறாரு, பீமன் கதாயுதத்தோட துரத்தறான், தொடைல ஒரே அடி, உள்ள வெச்சிருந்த சிவப்புத் தண்ணி பீச்சி அடிக்குது, திரௌபதி கூந்தல முடியுறா. சுத்தி இருந்த பொம்பளைங்க அந்த மண்ண அள்ள ஓடுனதுல என் செருப்பு ஒண்ணு போச்சு, இன்னும் கிடைக்கல. சாயந்திரம் தீமிதி, அதுக்கு நிக்க எனக்கு தெம்பில்ல.

போகணும்னா பங்குனில இருந்து ஆடி வரைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்க கிராமத்துல விசாரிங்க, பஸ் ஸ்டாண்டு டீக்கடை சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பெட்ஷீட் எடுத்துக்கோங்க, பழைய செருப்பு போட்டுட்டு போங்க.