அரசாங்க நோன்பு

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பன் ஒருவன் ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் தவறாமல் போன் போடுவான். "உங்களுக்கு முப்பது நாள் நோன்பு, எங்களுக்கு 61 நாள்டா, ஜூன் 14 வரைக்கும் அரசாங்க நோன்பு." நானும் சிரித்து வைப்பேன். ஆனாலும் மீன்பிடித் தடைக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை என்று உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு. படகை எடுத்தால் பிடிப்பார்கள் என்று கரையில் இருப்பது எப்படி நோன்பாகும்?

கீழக்கரையில் எங்கள் வீட்டில் நோன்பு பிடிப்போம், சூரியன் மறைந்ததும் மஃரிபு தொழுகை நேரத்துக்குத் திறப்போம். சின்ன வயதில் ஒரு நோன்பு நாள் வீட்டில் யாரும் இல்லை, பானைக்குப் பக்கத்திலேயே டம்ளர், ஒரு வாய் குடித்திருந்தால் உம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது, குடிக்கவில்லை. (ரொம்பப் பெருமைப்படவும் முடியாது. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கும்போது வாய் கொப்பளிக்கிற சாக்கில் இரண்டு மடக்கு உள்ளே போன நாளும் உண்டு.)

நோன்பு என்றதும் பட்டினிதான் நினைவுக்கு வருகிறது. வேர் என்னவோ 'நோல்', அதாவது பொறுத்துக்கொள்வது. தவம் என்றால் என்ன என்று சொல்லும் 261-ஆம் குறளில் "உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை" என்று வருகிறது. தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாமல் இருப்பது, அவ்வளவுதான், சோற்றைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கிறிஸ்தவனான நண்பன் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி எடுக்க மாட்டார்கள், அதற்குச் சுத்தபோசனம் என்று தனிப் பெயர். பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு.

எனக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவது பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில். அங்கே கடல்பாசி எடுக்கும் பெண்கள், பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது எனத் தாங்களே முடிவு செய்துகொண்டவர்கள். மூச்சை அடக்கி முங்கி, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு எடுக்கிற பாசி அது, ஒரு நாள் இறங்காவிட்டால் அன்றைய காசு போச்சு. பாசி கண்ணெதிரேதான் இருக்கிறது, எடுக்கவும் தெரியும், இருந்தும் எடுக்காமல் விடுகிறார்கள். நோன்பு என்றால் இது.

போன தடவை இதையெல்லாம் நண்பனிடம் நீட்டி முழக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, படகையும் கட்டிப்போட்டுட்டு கடனுக்கு வட்டியும் கட்டுறேனே, அதுக்கு என்னடா பேரு?" என்றான்.

உற்றநோய் நோன்றல். அந்தக் குறளின் முதல் இரண்டு சொல் அவன் பக்கம் நிற்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஏப்ரலில் அவன் நோன்பு என்றே சொல்லட்டும், திருத்தப்போவதில்லை.