இரண்டு மணி என்றால் இரண்டு மணி

ஏப்ரல் 2

ஜூடோவில் ரான்டோரிக்கு, அதாவது எதிராளியோடு நிஜமாக மோதிப் பழகும் சுற்றுக்கு, இன்னும் அனுமதி இல்லை. விழுந்து பழகலாம், உச்சிகோமி (எறியாமல் எறிதலுக்கான நுழைவை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவது) செய்யலாம், அதுவும் முட்டியில் அடிபட்ட இடது காலில் முழு எடை போடாமல். பிசியோ கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 4

பாய் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் மோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் மலையில் இருந்தது.

தனியாகக் காட்டுக்குள் போகும்போது, கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். இரண்டு மணி என்று குறித்தால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் தெளிந்த தலை எடுத்த முடிவில் மதியம் களைத்த தலை கைவைக்கக் கூடாது. துணைக்கு ஆள் இருந்தால் பிடித்து இழுப்பார். தனியாகப் போனால் கைக்கடிகாரம்தான் அந்த ஆள்.

ரான்டோரியில் எங்கள் யாருக்கும் அப்படி ஒரு நேரம் கிடையாது. "இன்னும் ஒரு சுற்று" என்று ஒருவர் கேட்டால், முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நான் பார்த்த அடிகளில் பெரும்பாலானவை அந்த இன்னும் ஒரு சுற்றில் பட்டவை.

ஏப்ரல் 5

வீக்கம் இல்லை.

ஏப்ரல் 9

நெய்ஸ்மித் கணக்கு ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்து மலையேறி, 1892-ல் சொன்னது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூட ஒரு மணி நேரம். வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளந்து கிளம்புகிறவருக்கு வழியிலேயே இருட்டிவிடும்.

பயிற்சியையும் நாம் தூரமாகத்தான் எண்ணுகிறோம். இத்தனை சுற்று, இத்தனை நிமிடம். என்னைவிட எடை கூடிய, பிடி இரும்பாக இருக்கும் ஒருவரோடு நான்கு நிமிடம் என்பது ஏற்றம். அதைச் சமதளத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருக்கும் பலத்தை வீணாக்காமல் செலவிடு என்பதுதானே கானோ ஜிகோரோ ஜூடோவுக்கு வைத்த அடிப்படை? அப்படியானால் செலவைச் சரியாக எண்ணத் தெரிய வேண்டாமா? இனி நோட்டில் ஏற்றத்துக்குத் தனிப் பத்தி.

ஏப்ரல் 12

உடை மாற்றும் அறையில் ஒருவர்: "வலியைப் பாத்தா வித்தை வராது." பதில் பேசவில்லை. வீடு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை.

மலை நடையில் கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலில் ஓரிடம் சுடும். அப்போதே மூட்டையை இறக்கி, ஷூவைக் கழற்றி, ஈரமான சாக்ஸின் மடிப்பை நீவி, சிவந்த அந்த வட்டத்தின் மேல் டேப் ஒட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. "அடுத்த ஓடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடந்தால் தோல் உரியும், மறுநாள் நொண்டல், உணவோ எண்ணி எடுத்து வந்தது. அங்கே வீரத்தைக் காட்ட ஆளில்லை. அதனால் உடம்பு சொல்வது தெளிவாகக் கேட்கிறது.

கைப்பூட்டிலும் அப்படித்தான். முழங்கை நீண்டு பூட்டு இறுகியதுமே, விட்டுக்கொடுக்கிறேன் என்று கையால் தட்டிவிட வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் தாமதம்.

ஏப்ரல் 13

இரண்டு மணி. இரண்டு மணி.

ஏப்ரல் 17

வீட்டில் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி உச்சிகோமி. தனியாகச் செய்யும்போது எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். 2009-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களைக் காட்டுக்குள்ளும் சகாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். அது மறைந்ததும் வட்டமடித்தார்கள், நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே.

சுவரில் என் மார்பு உயரத்தில் டேப்பால் ஒரு கோடு. ஒவ்வொரு நுழைவுக்குப் பிறகும் தோள் எங்கே நிற்கிறது என்று அதை வைத்துப் பார்க்கிறேன். மாஸ்டர் வந்து பார்த்தால் இன்னும் நல்லது. கேட்க வேண்டும்.

ஏப்ரல் 20

தூக்கம் வரவில்லை. மேலே ஒருவர் அமுக்கிக் கிடப்பது போலவே இருக்கிறது. அமுக்கிப் பிடித்து 20 வினாடி போனால் இப்போன், அதாவது முழு வெற்றி, ஆட்டம் முடிந்தது. அந்த 20 வினாடியில் எல்லோரும் முதலில் செய்வது துள்ளுவது. மூச்சு போகும், பிடி இன்னும் இறுகும்.

பாதை தவறியவருக்கு மலையில் சொல்லிக்கொடுப்பது வேறு: முதலில் நில். பிறகு யோசி, சுற்றிப் பார், அதன்பின் திட்டம். பதற்றத்தில் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் தெரிந்த இடத்திலிருந்து இன்னும் தூரம். கூடாரத்தில் முதல் இரவு இலை அசைந்தாலும் மிருகம்தான். அடுத்தடுத்த இரவுகளில் காது தானாகவே தரம் பிரிக்கிறது: இது காற்று, இது எலி, இது எழுந்து உட்கார வேண்டிய சத்தம். அமுக்குப் பிடியிலும் காது அப்படிப் பழக வேண்டும். அவர் எடை எந்தப் பக்கம் சாய்கிறது? என் எந்தக் கை இன்னும் நம் வசம்? ஒரு மூச்சு நேரம் போதும் இதைக் கேட்க.

ஆனால் முட்டி? முட்டி கேட்குமா?

ஏப்ரல் 24

அனுமதி!! அடுத்த வாரத்திலிருந்து.

உயரத்துக்குப் பழகும் விதியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். 3000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்கலாம். கணக்கு தூங்கும் உயரத்துக்குத்தான். ஒரு சுற்று கடினமாக மோதலாம், வாரத்தின் மொத்தச் சுமை மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

ஏப்ரல் 28

படி இறங்கும்போது ஒரு சொடுக்கு. வலி இல்லை.

மே 1

இரண்டு சுற்று. பாயில் ஏறும் முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார், வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றில் ஓசோட்டோகாரிக்கு (காலை வாரிப் பின்பக்கம் வீழ்த்தும் எறிதல்) எதிராளி காலை எடுத்து வைத்த நொடியில் எடை மாறியது எனக்குத் தெரிந்தது, தப்பினேன். உடம்பு முழுக்கச் சந்தோஷம். மூன்றாவது சுற்றுக்கு ஆசை தொண்டை வரை வந்தது. வணங்கிவிட்டு இறங்கினேன், அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

மே 3

முட்டியின் உள்பக்கம் லேசான சூடு. பிசியோ நாளை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமைப் பயிற்சிக்கு வர முடியாமல் போகலாம் என்று மாஸ்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.